இரவு எட்டு மணியின் விலை

விநாடிக்கு 100 மெகாபிட் வேகம், மாதத்துக்கு 40 ஜிபி. திருகோணமலை நகரை ஒட்டிய அன்புவழிபுரத்தில் ஒரு வீடு இப்படி ஒரு பக்கேஜ் எடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்தில் சொன்ன வேகத்தை அந்த வீடு முழுதாகப் பயன்படுத்தினால் 40 ஜிபியும் எவ்வளவு நேரத்துக்குக் காணும்? 53 நிமிடத்துக்கு. பிறகு வரும் 29 நாளும் 23 மணி நேரமும் ரவுட்டர் விளக்கை எரித்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதான்.

கணக்கு எளிது. வேகத்தைப் பிட்டில் சொல்கிறார்கள், அளவைப் பைட்டில் சொல்கிறார்கள். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். ஆகவே 40 ஜிபி என்பது 3,20,000 மெகாபிட். அதை நூறால் வகுத்தால் 3,200 விநாடி.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னும் வியப்பு. முப்பது நாளுக்கு 25,92,000 விநாடி. 40 ஜிபியை அத்தனை விநாடிக்கும் சமமாகப் பங்கிட்டால் விநாடிக்கு 123 கிலோபிட்தான் கிடைக்கும். தொலைபேசிக் கம்பியில் கீச்சிட்டுக்கொண்டு இணைந்த பழைய டயல்-அப் மோடம் 56 கிலோபிட் தந்தது. அதைவிட இது இரண்டு மடங்குக்குச் சற்றுக் கூட. பெட்டியில் எழுதியிருக்கும் வேகத்தில் எண்ணூறில் ஒரு பங்கைத்தான் மாதம் முழுவதற்குமாக அந்த வீடு வாங்கியிருக்கிறது.

திருகோணமலையிலிருந்து நேர்கோட்டில் 300 கிலோமீட்டருக்குள் இருக்கிறது நாகப்பட்டினம். அந்தக் கரையில் கணக்கு வேறு மாதிரி. இந்தியாவில் ஜியோ நிறுவனம் 2020 ஆகஸ்டில் 399 இந்திய ரூபாய்க்கு, வரி தனி, 30 மெகாபிட் வேகத்தில் எல்லையற்ற இணையம் என்று ஒரு திட்டத்தை அறிவித்தது. எல்லையற்றது என்றாலும் உள்ளே ஓர் எல்லை உண்டு: மாதம் 3,300 ஜிபி. அதை விநாடிகளுக்குப் பங்கிட்டால் ஏறத்தாழ 10 மெகாபிட் வருகிறது. சொன்ன வேகத்தில் மூன்றில் ஒரு பங்கை இரவு பகலாக ஓட்டலாம். எண்ணூறில் ஒன்று எங்கே, மூன்றில் ஒன்று எங்கே? நடுவில் இருக்கும் கடல் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்குமா?

இதற்குப் பதில் தேட வேண்டுமானால் முதலில் ஒரு ஜிபிக்கு உண்மையில் என்ன செலவாகிறது என்று பார்க்க வேண்டும்.

கண்ணாடி இழை எந்தக் கரையில் ஏறுகிறது

உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களைப் பட்டியலிடுவோர் திருகோணமலையை விடுவதில்லை. ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதற்காகவே மோதிக்கொண்டார்கள். ஆனால் இணையத்தைச் சுமந்து வரும் கடலடி கேபிள்கள் இந்தத் துறைமுகத்தைத் தேடி வரவில்லை. சீ-மீ-வீ 4 என்ற கேபிள் 2005 இல் கொழும்பில் கரையேறியது. 2006 இல் தூத்துக்குடியிலிருந்து ஏறத்தாழ 320 கிலோமீட்டர் நீளத்தில் வந்த பாரத் லங்கா கேபிள் கல்கிசையில் ஏறியது. பத்தாண்டு கழித்து, 20,000 கிலோமீட்டர் நீளமுள்ள சீ-மீ-வீ 5 மாத்தறையில் ஏறியது. எல்லாம் மேற்குக் கரை அல்லது தென்கரை.

இதில் திருகோணமலைக்கு எதிரான சதி எதுவும் இல்லை. சிங்கப்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் பெருவழி, கப்பலுக்கானாலும் கேபிளுக்கானாலும், தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே கடக்கிறது. போகிற வழியில் ஒரு கிளையை மாத்தறைக்குள் விடுவது மலிவு. வடகிழக்கே ஆழமான குடா இருக்கிறது என்பதற்காக வழியை வளைக்க எந்தக் கூட்டு நிறுவனமும் காசு செலவழிக்காது. கப்பலுக்குத்தான் ஆழமும் அடைப்பும் வேண்டும். கேபிளுக்கு மீன்பிடி வலையும் நங்கூரமும் அதிகம் படாத மணற்கரை போதும்.

திருகோணமலைக் கடலுக்கும் தொலைத்தொடர்புக்கும் வேறொரு தொடர்பு உண்டு. 1945 ஒக்டோபரில் ‘வயர்லஸ் வேர்ல்ட்’ இதழில் ஆர்தர் சி. கிளார்க் ஒரு கட்டுரை எழுதினார். பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றி, ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் மூன்று நிலையங்களை வானில் வைத்தால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்பது அதன் சாரம். அதே கிளார்க் 1956 இல் இலங்கைக்கு வந்து குடியேறினார். மைக் வில்சன் என்ற நண்பரோடு திருகோணமலையின் சுவாமி மலையடியில் முக்குளித்து, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் கற்றூண்கள் கடலடியில் கிடப்பதைக் கண்டார். 1958 இல் அவர் வெளியிட்ட ஒரு நூல் கடலடி கேபிள்களின் வரலாற்றைச் சொல்வது. வானத்தையும் கடலடியையும் ஒருசேர எடைபோட்டவர் அவர்.

எடை எந்தப் பக்கம் சாய்ந்தது? கிளார்க் சொன்ன சுற்றுப்பாதை தரையிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு சொல் மேலே போய்க் கீழே வரக் கிட்டத்தட்ட கால் விநாடி, மறுமொழி வர இன்னொரு கால் விநாடி. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் ஓடுகிறது. 3,000 கிலோமீட்டர் கேபிளில் போய்த் திரும்ப ஒரு விநாடியில் நூறில் மூன்று பங்குதான் ஆகும். செய்மதியால் ஒரே நேரத்தில் சுமக்கக்கூடிய அளவும் இழையோடு ஒப்பிடத் தக்கதல்ல. சீ-மீ-வீ 5 விநாடிக்கு 24 டெராபிட்டுக்கு வடிவமைக்கப்பட்டது. அதாவது 100 மெகாபிட் இணைப்புகள் இரண்டு இலட்சத்து நாற்பதாயிரத்தை ஒரே சமயத்தில் முழு வேகத்தில் ஓட்டும் அளவு.

கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு நிலத்தில் 260 கிலோமீட்டர் என்று கொண்டாலும் ஒளிக்கு அது ஒரு மில்லி விநாடிக்குச் சற்றுக் கூடுதலான பயணம். ஆகவே தூரம் நேரத்தை விழுங்கவில்லை. அது விழுங்குவது காசை: இழை புதைக்கும் குழி, தாங்கும் கம்பம், இடையிடையே நிலையம், ஒரு வழி அறுந்தால் ஓட இன்னொரு வழி. இந்தச் செலவு முழுவதும் முதல் பிட் ஓடுவதற்கு முன்பே செய்து முடித்தது. அதற்குப் பின் ஒரு பிட் ஓடினாலும் கோடி பிட் ஓடினாலும் இழை தேய்வதில்லை, மின்கட்டணமும் பெரிதாக ஏறுவதில்லை.

அதற்கும் மேலே ஒன்று. நாம் பார்ப்பதில் பெரும்பகுதி கடலைத் தாண்டி வருவதே இல்லை. கூகுள், நெட்பிளிக்ஸ், மெற்றா போன்ற நிறுவனங்கள் அதிகம் பார்க்கப்படும் காணொளிகளின் படிகளை நாடுநாடாக, இணைய நிறுவனங்களின் கட்டடங்களுக்குள்ளேயே சேவையகம் வைத்துச் சேமிக்கின்றன. ஊரே பார்க்கும் ஒரு பாட்டு கடலை ஒருமுறை தாண்டி வந்துவிட்டால் போதும். பிறகு ஆயிரம் வீட்டுக்கும் அது அருகிலிருந்தே ஓடும். ஆனால் பக்கேஜில் கழியும் ஜிபி எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிக் கழியும்.

கடைசி ஒரு மைல்

பெருவழி இழை வரை வந்தாயிற்று. அங்கிருந்து வீட்டுக்குள் வருவதற்கு மூன்று வழி உண்டு. ஒவ்வொன்றின் இயல்பும் வேறு.

முதலாவது செப்புக் கம்பி. பேச்சைக் கடத்தப் போட்ட தொலைபேசிக் கம்பியிலேயே உயர் அதிர்வெண்களில் தரவை ஏற்றும் உத்தி ஏடிஎஸ்எல். தொலைபேசி நிலையத்தின் அருகிலிருந்தால் விநாடிக்கு 24 மெகாபிட் வரை எட்டலாம். ஆனால் செம்பு உயர் அதிர்வெண்களை வழியிலேயே தின்றுவிடும். மூன்று கிலோமீட்டர் தாண்டினால் வேகம் சரிந்து, ஐந்தைத் தாண்டினால் இணைப்பே நிலைக்காது. ஒரே கட்டணம் கட்டும் இரண்டு வீடுகளுக்கு வேறு வேறு வேகம் வந்த மர்மம் இதுதான்.

இரண்டாவது வானலை. போர்க்காலத்தில் கம்பி போகாத தெருக்கள் வடக்கிலும் கிழக்கிலும் ஏராளம். 2000களின் நடுப்பகுதியில் சிறிய அன்ரெனாவோடு வந்த சிடிஎம்ஏ வீட்டுத் தொலைபேசிகள்தான் பல குடும்பங்களுக்கு முதல் இணைப்பு. ஏறத்தாழ 2013 முதல் 4ஜி ரவுட்டர்கள் அந்த இடத்தைப் பிடித்தன. குழி வேண்டாம், கம்பம் வேண்டாம், கடையில் வாங்கிச் செருகினால் போதும். ஆனால் வானலைக்கு ஓர் இயற்கை எல்லை இருக்கிறது. 20 மெகாஹேர்ட்ஸ் அகல அலைவரிசையில் இரண்டு அன்ரெனாவோடு ஓடும் 4ஜி, ஏட்டளவில் அதிகபட்சம் விநாடிக்கு 150 மெகாபிட் தரும். அது ஒரு வீட்டுக்கு உரியதல்ல. கோபுரத்தின் அந்தப் பக்கத்தைப் பார்க்கும் எல்லா வீடுகளும், வழியில் போகிறவர்களின் கைத்தொலைபேசிகளும் சேர்ந்து பங்கிட வேண்டிய மொத்தம்.

மூன்றாவது வீடு வரை வரும் கண்ணாடி இழை. இதிலும் பங்கு உண்டு. பரவலாகப் பயன்படும் ஜிபொன் முறையில் ஓர் இழையை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறார்கள். எல்லோருக்குமாகக் கீழ்நோக்கி 2.5 கிகாபிட் வரும். 64 வீடுகளும் ஒரே நொடியில் கேட்டால்கூட வீட்டுக்கு 39 மெகாபிட் தேறும். நெட்பிளிக்ஸில் அதிநுட்பக் காட்சி பார்க்க 15 மெகாபிட் போதும் என்பதை நினைத்தால் இழை எவ்வளவு தாராளமானது என்று புரியும்.

அளவுக் கட்டுப்பாட்டை எடைபோடும்போது இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. நெருக்கடி மிகுந்த 4ஜி கோபுரத்தின் கீழ் ஜிபி எல்லை வைப்பதற்கு இயற்பியலில் கொஞ்சமாவது காரணம் இருக்கிறது. இழைக்கு அந்தக் காரணம் பெரும்பாலும் பொருந்தாது.

எர்லாங் கண்ட உண்மை

கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஆக்னர் எர்லாங் என்ற டென்மார்க் கணிதர் 1909 இல் தொடங்கி ஒரு கேள்விக்கு விடை எழுதினார். ஓர் ஊரில் ஆயிரம் பேரிடம் தொலைபேசி இருந்தால் நிலையத்தில் எத்தனை இணைப்பு வேண்டும்? ஆயிரம் பேரும் ஒரே சமயத்தில் பேசுவதில்லை. எப்போது யார் பேசுவார் என்று தெரியாது, ஆனாலும் கூட்டத்தின் நடத்தையை நிகழ்தகவால் கணிக்கலாம். இன்றைக்கு விற்கப்படும் ஒவ்வோர் இணைய இணைப்பின் அடியிலும் அந்தக் கணிதம்தான் இருக்கிறது.

ஆயிரம் வீட்டுக்கு ஆளுக்கு 100 மெகாபிட் விற்றால் ஏட்டில் 1,00,000 மெகாபிட். உண்மையில் உச்ச நேரத்தில்கூட ஒரு வீடு சராசரியாக மூன்று மெகாபிட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 3,000 மெகாபிட் இருந்தாலே ஆயிரம் வீட்டுக்கும் குறை தெரியாது. இது ஏமாற்று வேலை இல்லை. ஆயிரம் பேருக்கும் தனித்தனி ஒதுக்கினால் கட்டணம் முப்பது மடங்கு ஆகிவிடும். ஆனால் அந்த 3,000 என்ற எண்ணை முடிவு செய்வது எது? மாதத்தில் மொத்தம் எத்தனை ஜிபி ஓடியது என்பது அல்ல, மிக நெருக்கமான அந்த மணி நேரத்தில் எவ்வளவு ஓடியது என்பதுதான்.

திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஓடும் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். நடுச்சாமத்தில் பாதி காலியாக ஓடும் பஸ்ஸில் இன்னொருவர் ஏறினால் முதலாளிக்குக் கூடுதல் செலவில்லை. எத்தனை பஸ் வாங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது திருவிழாக் காலத்துக் கூட்டம். அப்படியிருக்க, எந்த நேரத்தில் ஏறினார் என்று பாராமல், மாதத்தில் மொத்தம் எத்தனை கிலோமீட்டர் போனார் என்று மட்டும் எண்ணி ஒருவரை இறக்கிவிட்டால் எப்படி இருக்கும்? ஜிபி எல்லை அதைத்தான் செய்கிறது.

இணைய நிறுவனங்கள் தாம் வாங்கும்போது இப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. சர்வதேச இணைப்பை அவை மொத்த விலைக்கு வாங்கும்போது பரவலாக ஒரு முறை உண்டு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தை அளப்பார்கள். முப்பது நாளில் 8,640 அளவீடுகள். அவற்றில் மிக உயர்ந்த ஐந்து வீதத்தை, அதாவது 432 அளவீடுகளை, விட்டுவிட்டு அடுத்ததாக நிற்கும் வேகத்துக்கு விலை போடுவார்கள். 432 அளவீடு என்பது 36 மணி நேரம். நாள்தோறும் இரவில் மூன்று மணி நேரம் நெரிசல் என்றால் மாதத்துக்குத் தொண்ணூறு மணி நேரம். 36 ஐக் கழித்தாலும் மீதி 54 நிற்கிறது. எனவே பட்டியலின் தொகையை எழுதுவது இரவு நெரிசல்தான். விடியற்காலை மூன்று மணிக்கு எவ்வளவு இறக்கினாலும் அந்தத் தொகை ஒரு சதமும் கூடாது.

திருகோணமலையில் இந்த நெரிசலுக்கு ஓர் உள்ளூர்க் காரணமும் சேர்கிறது. இங்கே இரவு எட்டு மணி என்றால் குளிர்காலத்து ரொறன்ரோவில் காலை ஒன்பதரை, இலண்டனில் பிற்பகல் இரண்டரை. தொடர் நாடகம், பிள்ளைகளின் ரியூசன் வகுப்பு, கனடாவிலிருந்து பெரியம்மாவின் வீடியோ அழைப்பு, மூன்றும் ஒரே கோபுரத்தில் ஒரே நேரத்தில் வந்து விழுகின்றன.

நிறுவனங்களுக்கு இந்த உண்மை தெரியும் என்பதற்குச் சான்று அவர்களின் பக்கேஜிலேயே இருக்கிறது. இலங்கையில் பல ஆண்டுகள் வீட்டு இணையப் பக்கேஜ்களில் பகலுக்குக் கொஞ்சமும் நள்ளிரவுக்குப் பின் அதைவிட அதிகமும் என்று ஜிபியைப் பிரித்துத் தந்தார்கள். இந்தியாவில் பிஎஸ்என்எல் 500 ரூபாய்த் திட்டத்தில் இரவு 2 மணி முதல் காலை 8 வரை அளவே இல்லாமல் விட்டது. அலாரம் வைத்து எழும்பிப் படம் இறக்கிய தலைமுறை இரண்டு கரையிலும் உண்டு. இரவில் சும்மா கொடுக்க முடிந்த ஒன்றுக்குப் பகலில் விலை இருக்கிறது என்றால், விலை ஜிபிக்கு இல்லை, நேரத்துக்கு.

பிற நாடுகள் என்ன செய்தன

இந்த வாதத்தை வீதிக்கு இழுத்து வந்த நாடு கனடா. 2011 ஜனவரியில் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குறுத்தும் ஆணைக்குழு எடுத்த முடிவு ஒன்றின்படி, பெல் நிறுவனத்தின் கம்பியை வாடகைக்கு எடுத்து நடத்தும் சிறு நிறுவனங்களும் ஆளுக்கு இத்தனை ஜிபி என்று அளந்து கட்ட வேண்டியதாயிற்று. ஒன்ராறியோவில் 200 ஜிபி கொடுத்துவந்த ஒரு சிறு நிறுவனம் இனி 25 தான் என்று அறிவித்தது. ஐந்து இலட்சம் பேர் அளவில் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். அரசே தலையிட்டது. அவ்வாண்டு நவம்பரில் வந்த மாற்றுத் தீர்ப்பு, சிறு நிறுவனங்கள் தமக்கு எவ்வளவு கொள்ளளவு வேண்டும் என்று வேகக் கணக்கில் வாங்கலாம், தனித்தனி வீட்டின் ஜிபியை எண்ண வேண்டாம் என்றது. 2016 டிசம்பரில் 50 மெகாபிட் வேகமும், விரும்பினால் எல்லையற்ற அளவும் கனடியர் ஒவ்வொருவருக்கும் கிடைக்க வேண்டிய அடிப்படைச் சேவை என்று அதே ஆணைக்குழு அறிவித்தது.

அமெரிக்காவில் சோதனை தானாக நடந்தது. கொம்காஸ்ற் நிறுவனம் பல மாநிலங்களில் மாதத்துக்கு ஒரு டெராபைட் எல்லை வைத்திருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நாடே வீட்டுக்குள் அடைந்தபோது எல்லையை நீக்கி ஜூன் கடைசி வரை விட்டுவைத்தது. வலையமைப்பு படுத்துவிடவில்லை. அதே மார்ச்சில் ஐரோப்பாவில் நெரிசல் அச்சம் வந்தபோது எவருடைய ஜிபியையும் குறைக்கவில்லை. நெட்பிளிக்ஸ் தன் காணொளிகளின் பிட் வேகத்தைக் குறைத்து, வலையமைப்பில் தன் சுமையை 25 வீதம் அளவில் இறக்கிக்கொண்டது. நெருக்கடி நேரத்தில் எந்தத் திருகை முறுக்க வேண்டும் என்று பொறியியலாளர்களுக்குத் தெரியும்.

அள்ளிக் கொடுக்கும் நாடுகளைப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. தென் கொரியாவில் மக்கள் அடுக்குமாடிகளில் நெருங்கி வாழ்கிறார்கள். ஒரு கட்டடத்துக்கு இழை போனால் நூறு வீடு இணைந்துவிடும். சிங்கப்பூரில் இழை வலையமைப்பை ஒரு நிறுவனம் மட்டும் வைத்திருக்கிறது. வீட்டுக்கு விற்கிறவர்கள் அதையே வாடகைக்கு எடுத்து ஒருவரோடொருவர் போட்டி போடுகிறார்கள். ருமேனியாவில் அக்கம்பக்கத்து இளைஞர்கள் மாடிக்கு மாடி தாமே கேபிள் இழுத்துக் கட்டிய சிறு வலையமைப்புகள் பிறகு பெருநிறுவனங்களாயின. செப்பின் பழைய முதலாளிக்கு அடங்கிப் போகாததால் அந்த நாடு ஐரோப்பாவில் வேகமும் மலிவும் சேர்ந்த இடமானது. கேரளத்தில் 2023 ஜூனில் மாநில அரசே கேஃபோன் என்ற வலையமைப்பைத் தொடங்கி, 299 இந்திய ரூபாய்க்கு 20 மெகாபிட்டும் 3,000 ஜிபியும் கொடுத்தது.

கையை இறுக்கும் நாடுகளுக்கும் காரணம் உண்டு. அவுஸ்திரேலியாவில் நீண்ட காலம் ஜிபி எல்லை இறுக்கமாக இருந்தது. ஆங்கிலத்தில் பார்க்க வேண்டியதெல்லாம் பசிபிக் கடலுக்கு அப்பால் இருந்ததும், அங்கிருந்து வரும் கேபிளில் இடம் விலையுயர்ந்ததாக இருந்ததும் ஒரு காரணம். அந்தமானில் 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து 2,300 கிலோமீட்டர் கேபிள் போகும் வரை தீவு முழுவதும் செய்மதியை நம்பியிருந்தது. தொங்கா நாட்டுக்கு இருந்த வெளிநாட்டுக் கேபிள் ஒன்றே ஒன்று. 2022 ஜனவரி எரிமலை வெடிப்பில் அது அறுந்தபோது ஐந்து வாரம் ஒரு நாடே ஏறக்குறைய துண்டிக்கப்பட்டது.

இலங்கை இந்தக் கடைசி வரிசையில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அரை டசினுக்குக் குறையாத கேபிள் வழிகள், அருகிலேயே சென்னையும் சிங்கப்பூரும், நாட்டுக்குள்ளேயே காணொளிச் சேமிப்பு. தீவு என்ற காரணம் அவுஸ்திரேலியாவுக்கு ஒரு காலத்தில் பொருந்திய அளவுக்கு இங்கே பொருந்தாது.

பின் ஏன் அளக்கிறார்கள்

ஜிபி எல்லை நெரிசலுக்கு மருந்தாக இல்லாவிட்டாலும் வேறு ஒரு வேலையைச் செய்கிறது. வாடிக்கையாளரைத் தரம் பிரிக்கிறது. கனடாவிலுள்ள மகனோடு வாரத்துக்கு இருமுறை பேசும் முதியவருக்குச் சின்னப் பக்கேஜ், மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்குப் பெரியது. எல்லையை அடியோடு நீக்கி எல்லோருக்கும் ஒரே விலை வைத்தால் முதியவரின் கட்டணம் ஏறும். இந்த நியாயத்தை மறுக்க முடியாது. ஆனால் சின்னப் பக்கேஜை வேகத்தைக் குறைத்தும் விற்கலாம். கேரளம் செய்தது அதுதான். வேகம் குறைந்த இணைப்பு உச்ச நேரத்திலும் குறைவாகவே இழுக்கும், மாதக் கடைசியில் வகுப்பின் நடுவே அறுந்தும் போகாது.

இலங்கையில் எல்லையற்ற பக்கேஜ் வேண்டும் என்ற கோரிக்கை ஊரடங்குக் காலத்து இணைய வகுப்புகளோடு உரத்தது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவின் பணிப்பின் பேரில் 2021 இல் அத்தகைய பக்கேஜ்கள் வந்தன. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வேகம் இறங்கும் என்ற நிபந்தனையோடுதான் வந்தன. இன்னொரு பக்கம், யூரியூப்புக்கு ஒரு ரீலோட், முகநூலுக்கு ஒரு ரீலோட், வட்ஸ்அப்புக்கு ஒரு ரீலோட் என்று செயலி வாரியாக விற்பதும் இங்கே பழகிப்போன வழக்கம். இந்தியாவில் 2016 பெப்ரவரியில் ஒழுங்குறுத்துநர் இதைத் தடை செய்தார். எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதை வைத்து விலை மாறக் கூடாது என்பது அங்கே விதி. மலிவாகக் கிடைக்கும் செயலிக்குள்ளேயே ஊரின் வாசிப்பு அடைபட்டுப் போகும் என்ற அச்சம் அதற்குக் காரணம். பாடசாலை மாணவிக்கு ஒரு கலைக்களஞ்சியப் பக்கம், மலிவு ரீலோட்டில் ஓடும் சிரிப்புக் காணொளியைவிட விலை கூடியதாக இருப்பது நல்ல ஏற்பாடாகத் தெரியவில்லை.

விலை என்றதும் நாடுகளை டாலரில் ஒப்பிடுவது வழக்கம். அது பாதி உண்மைதான். ஐக்கிய நாடுகளின் அகலக்கற்றை ஆணைக்குழு வேறோர் அளவுகோல் வைத்தது: அடிப்படை இணையத்தின் மாதச் செலவு, ஓர் ஆளின் சராசரி மாத வருமானத்தில் இரண்டு வீதத்துக்குள் 2025 ஆம் ஆண்டுக்குள் வர வேண்டும். இலங்கையின் தலா வருமானம் ஆண்டுக்கு 3,500 க்கும் 4,000 டாலருக்கும் இடையில் என்று கொண்டால் இரண்டு வீதம் மாதத்துக்கு ஆறு டாலர் சொச்சம், ஏறத்தாழ 1,800 முதல் 2,000 ரூபாய். சராசரியைவிடக் குறைவாக உழைக்கும் கடற்றொழிலாளி வீட்டுக்கு அந்த எண் இன்னும் சிறிது.

அந்த எண்ணுக்குள் கட்டணத்தை அடக்குவது இங்கே எளிதல்ல. 2022 இல் டாலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியது. ரவுட்டரும் கோபுரக் கருவியும் கடலடி இழையின் பங்கும் டாலரில் வாங்குபவை. அவ்வாண்டு செப்ரெம்பரில் இணையக் கட்டணம் 20 வீதம் ஏறத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழு அனுமதித்தது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமானது. 2025 ஜூலையில், செய்மதி வழியாக இணையம் தரும் ஸ்ரார்லிங்க் இலங்கைக்கு வந்தது. கிளார்க் சொன்ன உயரத்தில் இல்லாமல் 550 கிலோமீட்டரிலேயே சுற்றும் ஆயிரக்கணக்கான செய்மதிகள் என்பதால் தாமதம் பெரிதாக இல்லை. ஆனால் வந்தபோது வீட்டுச் சேவைக்கு மாதம் 15,000 ரூபாய் அளவில் கட்ட வேண்டியிருந்தது, கருவிக்கு ஒரு இலட்சத்துக்கு மேல் தனி. கேபிளும் கோபுரமும் எட்டாத காட்டோரத்துக்கு அது வரப்பிரசாதம். நகரை ஒட்டிய அன்புவழிபுரத்துக்கு அது விடையாகாது. செய்மதியின் கொள்ளளவும் ஒரு பரப்பிலுள்ள எல்லோருக்குமான பங்குதான். அங்கேயும் இரவு எட்டு மணி வரும்.

கேட்க வேண்டிய கேள்வி

இணைப்பு வாங்கப் போகும் வீடு வழக்கமாக இரண்டு கேள்விதான் கேட்கும்: எத்தனை மெகாபிட், எத்தனை ஜிபி. மேலே பார்த்த கணக்கெல்லாம் சரியென்றால் இவற்றைவிட முக்கியமான கேள்விகள் மூன்று. வீட்டுக்கு வருவது செம்பா, வானலையா, இழையா? ஜிபி முடிந்த பிறகு இணைப்பு அறுமா, வேகம் மட்டும் குறையுமா, குறைந்தால் எவ்வளவுக்கு? இரவு எட்டு மணிக்கு இந்தத் தெருவில் உண்மையில் என்ன வேகம்?

மூன்றாவது கேள்விக்கு இன்று கடையில் பதில் கிடைக்காது. கிடைக்கச் செய்த நாடு உண்டு. பிரித்தானியாவில் 2018 மே முதல், விளம்பரத்தில் ஒரு வேகத்தைச் சொல்ல வேண்டுமானால் இரவு 8 முதல் 10 மணிக்குள் குறைந்தது பாதி வாடிக்கையாளருக்காவது அந்த வேகம் கிடைத்திருக்க வேண்டும். விதி வந்ததும் விளம்பர எண்கள் பல இறங்கின. அமெரிக்காவில் 2024 ஏப்ரல் முதல் பெரிய நிறுவனங்கள், உணவுப் பொதியில் சத்துப் பட்டியல் ஒட்டுவதுபோல, விலை, வேகம், தாமதம், அளவு எல்லை எல்லாவற்றையும் ஒரே அட்டையில் காட்ட வேண்டும்.

திருகோணமலையில் ஒரு கடலடி கேபிள் கரையேற ஆண்டுகளும் கோடிகளும் வேண்டும். தெருத்தெருவாக இழை புதைக்கவும் காலம் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தன் வலையமைப்பின் நெரிசலை ஏற்கெனவே அளந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த எண்ணைப் பக்கேஜ் விளம்பரத்தில் அச்சிட வைப்பதற்குப் புதிய கேபிள் எதுவும் தேவையில்லை. ஆணைக்குழுவின் ஒரு பணிப்புரை போதும்.